வழிகள் பல இருப்பதே சுதந்திரமா?

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குச் செல்லும் சாலையை விட்டுச் சற்றே உள்ளே சென்றால் மண்டகப்பட்டு என்னும் சிற்றூர் வரும். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் குடைவித்த பாறைக்கோயிலால் அவ்வூர் வரலாற்றில் இடம்பெற்றது. உள்ளே மூன்று கருவறைகள். மூன்றும் இன்று வெறுமையாக உள்ளன. முகப்பின் இரு ஓரங்களிலும் வாயிற்காவலர் இருவர் பாறையிலேயே புடைத்து நிற்கின்றனர். பல்லவக் கிரந்த எழுத்தில் வடமொழிக் கல்வெட்டு ஒன்றும் உண்டு. செங்கல் இன்றி, மரம் இன்றி, உலோகம் இன்றி, சுண்ணச்சாந்து இன்றி, பிரமனுக்கும் ஈசுவரனுக்கும் திருமாலுக்கும் விசித்திரசித்தன் என்னும் அரசன் அமைத்த கோயில் இது என்பதே அதன் கருத்து. (மூன்று கருவறைகளைக் கண்டவுடன் நம் திரித்துவ மறைபொருளோடு முடிச்சுப் போட்டுப் பேசுவோர் உண்டு. அது வரலாற்றுக்கும் நன்றன்று, இறையியலுக்கும் நன்றன்று.)

அக்கல்வெட்டில் என் மனத்தை ஈர்ப்பது ஒன்று. எவற்றையெல்லாம் கொண்டு கட்டினேன் என்று அரசன் கூறவில்லை. எவற்றையெல்லாம் விலக்கினேன் என்றே கூறுகிறான். கோயிலுக்கு இன்றியமையாதவை என்று அந்நாளில் கருதப்பட்டவற்றை ஒவ்வொன்றாக நீக்கிய பின்னும் கோயில் நிற்கிறது என்பதே அவனுடைய பெருமிதம்.

சிந்தனை உலகிலும் இத்தகைய குடைவரைகள் உண்டு. கணினி என்னும் கருவியிலிருந்து மின்சாரத்தை நீக்குங்கள். திரையையும் விசைப்பலகையையும் நீக்குங்கள். கோடிக்கணக்கான செய்திகளைச் சேர்த்து வைக்கும் நினைவகத்தையும் நீக்குங்கள். எஞ்சுவது எது? எண்ணிச் சொல்லக்கூடிய சில நிலைகள். இந்த நிலையில் இருக்கும்போது இந்த எழுத்து வந்தால் அந்த நிலைக்குச் செல் என்னும் அட்டவணை. அந்நிலைகளுள் சிலவற்றின்மேல் ‘ஏற்பு’ என்னும் முத்திரை. இவ்வளவுதான். கணினியியல் மாணவர்கள் இதனை ஃபைனைட் ஆட்டோமேட்டா என்பர். முடிவுறு நிலைப்பொறி என்று நாம் தமிழில் கூறலாம். எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். பொறி நிலைவிட்டு நிலை மாறும். இறுதி எழுத்து முடிந்ததும் அது ஏற்பு நிலையில் நின்றால் வந்த சொல் ஏற்கப்படும், இன்றேல் தள்ளப்படும். மண்டகப்பட்டின் வாயிற்காவலரைப்போல உள்ளே விடுவதும் வெளியே நிறுத்துவதுமே அதன் தொழில்.

கற்றோர்க்கு மட்டுமே உரிய செய்தி என்று வாசகர்கள் அஞ்ச வேண்டாம். நம் ஒவ்வொருவர் வீட்டிலும் இப்பொறி ஒன்று சுவரில் தொங்குகிறது. 53 மணிச் செபமாலையை எண்ணிப் பாருங்கள். இதுவரை எத்தனை அருள்நிறை மந்திரம் சொன்னோம் என்று நம் பாட்டிமார் நினைவில் வைப்பதில்லை. விரல் பற்றியிருக்கும் மணியே ‘நிலை’. சொல்லி முடித்த மந்திரமே ‘எழுத்து’. அடுத்த மணிக்கு நகர்தலே ‘அட்டவணை’. தூக்கக் கலக்கத்திலும் பத்து தவறாது. ஆனால் அதே செபமாலையிடம், ‘இவ்வம்மையார் தம் வாழ்நாளில் எத்தனை முறை உன்னைச் சுற்றி வந்தார்?’ என்று கேட்டால் அதற்கு விடை தெரியாது. கடந்தவை அனைத்திலும் தற்போதைய நிலை எது என்பதை மட்டுமே அது வைத்துக்கொள்கிறது, மற்றவற்றை மறந்துவிடுகிறது. இப்பொறியின் ஆற்றலும் குறையும் அதுவே.

பல்லவச் சிற்பத்துக்கும் இக்கணிதத்துக்கும் நான் வலிந்து உறவு கற்பிப்பதாக யாரேனும் நினைக்கக்கூடும். அவ்வுறவைத் தம் வாழ்விலேயே இணைத்துக் காட்டியவர் ஒருவர் நம் நாட்டில் வாழ்ந்தார். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக இருந்து 1988-இல் மறைந்த கிஃப்ட் சிரோமணி அவர். மைக்கேல் லாக்வுட், தயானந்தன் ஆகியோருடன் அவர் எழுதிய மகாபலிபுர ஆய்வு நூல் 1974-இல் வந்தது. அதே 1974-இல் தம் துணைவியாரும் கணிதப் பேராசிரியருமான ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோருடன் சேர்ந்து, நம் பெண்கள் வாசலில் இடும் கோலங்களுக்கு இலக்கணம் வகுக்கும் கட்டுரை ஒன்றையும் அவர் வெளியிட்டார். சொல்லுக்கு இலக்கணம் இருப்பதைப்போல் கோலத்துக்கும் இலக்கணம் உண்டு. சில விதிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் கோலம் விரியும் என்று அவர்கள் காட்டினர். விதிகளை எழுதும் இந்த இலக்கணங்களும் அவ்விதிப்படி வந்ததா என்று சோதிக்கும் பொறிகளும் ஒரே துறையின் இரு கைகள். அத்துறை தமிழ் மண்ணில் வேரூன்றியதில் தாம்பரத்துக்குப் பெரும்பங்கு உண்டு.

இனி நம் கேள்விக்கு வருவோம். இந்தப் பொறி கணினியை ஆராயப் பிறந்ததன்று. மனித மூளையை ஆராயப் பிறந்தது. 1943-இல் மெக்கல்லக், பிட்ஸ் என்னும் இருவர், நரம்பணுக்களை ‘உண்டு’, ‘இல்லை’ என்னும் இரண்டே நிலைகள் கொண்ட கருவிகளாகக் கொண்டு ஒரு கணித வடிவம் கொடுத்தனர். அவ்வலைப்பின்னல்கள் எவற்றை இனங்காண வல்லவை என்று கிளீனி என்னும் கணித அறிஞர் 1951-இல் ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சி 1956-இல் அச்சேறியது. முடிவுறு நிலைப்பொறிகளின் கோட்பாடு அங்கிருந்துதான் வளர்ந்தது. ஆகவே, ‘மனிதனும் ஓர் அட்டவணைதானா?’ என்னும் கேள்வி இத்துறையோடு உடன்பிறந்தது. வேறு எவரும் வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டியதன்று.

அக்கேள்வியை என்முன் வைத்தவர் பொறியியல் படித்த இளைஞர் ஒருவர். அவருடைய தந்தையார் குடியால் இறந்தார். பாட்டனாரும் அவ்வாறே. அவரும் குடிக்கத் தொடங்கியிருந்தார். அறிவுரை கூறுவதற்காக நான் அழைக்கவில்லை, அவரே வந்தார். “சாமி, எங்க தாத்தா எழுதி, எங்க அப்பா திருத்தி எழுதி வெச்ச அட்டவணைதான் நான். சாயங்காலம் ஆகுது, அது ஒரு எழுத்து. சிநேகிதன் கூப்பிடுறான், அது ஒரு எழுத்து. அடுத்த நிலை எதுன்னு ஏற்கெனவே எழுதியிருக்கு. இதுல பாவம் எங்கேருந்து வருது?” என்றார்.

நம் முன்னோர் ‘தலையெழுத்து’ என்று கூறியதையே இவர் கணிதமொழியில் கூறினார். ஊழ்வினையையும் மறுபிறப்பையும் மறுத்து தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி தமிழில் நூல் செய்த காலத்திலிருந்து மறைப்பணியாளர் இக்கேள்வியை எதிர்கொண்டே வருகின்றனர். அவருக்கும் முன்னரே பாபிலோனில் நாடுகடத்தப்பட்டிருந்த யூதர்கள், புளித்த திராட்சையைத் தின்றவர்கள் தந்தையர், பல் கூசுவதோ தங்களுக்கு என்று பழமொழி பேசித் தங்கள் நிலைக்குக் காரணம் கற்பித்தனர். எசேக்கியேல் இறைவாக்கினர் தம் நூலின் 18-ஆம் அதிகாரத்தில் அப்பழமொழியை இனி எவரும் இசுரயேலில் சொல்லலாகாது என்று ஆண்டவர் பெயரால் விலக்கினார்.

அவ்விளைஞருடைய நண்பர் ஒருவர் அவருக்கு ஒரு தப்பும் வழியைக் காட்டியிருந்தார். அதாவது, நிலைப்பொறிகள் இருவகைப்படும். முதல் வகையில் ஒரு நிலையில் ஓர் எழுத்து வந்தால் செல்லவேண்டிய இடம் ஒன்றே ஒன்று. இதனை ஒருவழிப் பொறி என்போம். இரண்டாம் வகையில் ஒரே எழுத்துக்கு இரண்டு, மூன்று, பத்து வழிகளும் திறந்திருக்கலாம். இதனைப் பலவழிப் பொறி என்போம். ஒருவழிப் பொறி விதியின் வடிவம் என்றால் பலவழிப் பொறி சுதந்திரத்தின் வடிவம் அல்லவா? மனிதன் இரண்டாம் வகை என்று சொல்லிவிட்டால் சிக்கல் தீர்ந்தது அல்லவா? கேட்பதற்கு இனிமையான விடை இது. ஆனால் நில்லாத விடை.

பலவழிப் பொறி எவ்வாறு இயங்குகிறது என்று பார்ப்போம். காவியுடுத்து வேளாங்கண்ணிக்கு நடந்து செல்லும் பாதயாத்திரைக் கூட்டம் ஒரு வாயிலைக் கடக்கிறது என்று கொள்வோம். கூட்டத்தில் காவி அணிந்தோரும் அணியாதோரும் உள்ளனர். கடைசியிலிருந்து எண்ணினால் பத்தாவதாக வந்தவர் காவி அணிந்தவரா என்று வாயிற்காவலர் சொல்லவேண்டும். கூட்டம் எப்போது முடியும் என்பது அவருக்குத் தெரியாது. அவர் ஒருவழிப் பொறியாக இருந்தால், எந்த நேரத்திலும் இறுதியாகக் கடந்த பத்துப் பேருடைய உடையை வரிசையாக நினைவில் ஏந்தி நிற்க வேண்டும். அதற்கு 1,024 நிலைகள் தேவை. பலவழிப் பொறியாக இருந்தாலோ வேலை எளிது. காவியுடுத்த ஒருவர் கடக்கும்போது, ‘இவரே கடைசியிலிருந்து பத்தாமவர்’ என்று யூகித்து, மேலும் ஒன்பது பேரை எண்ணி முடித்துவிடலாம். அல்லது யூகிக்காமல் அடுத்தவருக்காகக் காத்திருக்கலாம். 11 நிலைகள் போதும். யூகம் தவறினால்? கவலையில்லை. திறந்திருந்த வழிகள் எல்லாவற்றிலும் ஏதேனும் ஒரு வழி, ஒரே ஒரு வழி, ஏற்பு நிலையில் முடிந்திருந்தால் போதும். பொறி வென்றதாகவே கொள்ளப்படும். தவறிய வழிகள் கணக்கில் வரா.

1959-இல் மைக்கேல் ராபின், டேனா ஸ்காட் என்னும் இருவர் இப்பொறிகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டனர். 1976-இல் கணினியியலின் உயரிய விருதாகிய டூரிங் விருதை அவர்களுக்குப் பெற்றுத் தந்தது அக்கட்டுரையே. பலவழிப் பொறி ஒன்று எவற்றையெல்லாம் ஏற்குமோ அவற்றையே, அவற்றை மட்டுமே ஏற்கும் ஒருவழிப் பொறி ஒன்றை எப்போதும் அமைக்கலாம் என்று அதில் அவர்கள் நிறுவினர். முறை வியப்பூட்டும் அளவுக்கு எளியது. பல்லாங்குழிப் பலகையின் 14 குழிகளைப் பொறியின் 14 நிலைகளாகக் கொள்ளுங்கள். பொறி இப்போது எந்தெந்த நிலைகளில் இருக்கக்கூடுமோ அந்தந்தக் குழிகளில் ஒவ்வொரு முத்தை இடுங்கள். எழுத்து ஒன்று வரும்போது எல்லா முத்துகளையும் விதிப்படி ஒருசேர நகர்த்துங்கள். ஒரு குழியில் பல முத்துகள் சேர்ந்தால் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது யூகம் எங்கும் இல்லை. முத்துகளின் அமைப்பு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தப்பாமல் மாறுகிறது. மொத்த அமைப்புகள் 16,384. பலகை பெரிதாகும், பொறுமை மிகுதியாக வேண்டும். ஆயினும் தெரிவு என்பது மறைந்துவிட்டது.

இதன் பொருளை நிதானமாக எண்ண வேண்டும். வழிகளைப் பெருக்கியதால் பொறியின் ஆற்றல் அணுவளவும் கூடவில்லை. வரைபடம் சுருங்கியது, அவ்வளவே. பல வழிகள் திறந்திருப்பதே சுதந்திரம் என்று எண்ணிய நண்பரின் கட்டடம் இத்தேற்றத்தின்முன் சரிகிறது. கணிதத் தேற்றம் எதுவும் இறையியலை மெய்ப்பிக்காது என்பதை நான் அறிவேன். அதனிடம் அவ்வேலையைக் கேட்பதும் முறையன்று. ஆனால் ஒரு மயக்கத்தைத் தெளிவிக்க அது உதவும். இந்நாளில் சுதந்திரம் என்ற சொல்லுக்கு அங்காடிப் பொருள் ஒன்று ஏறிவிட்டது. முப்பது வகைச் சோப்பு, முந்நூறு தொலைக்காட்சி அலைவரிசை, விரும்பியபோது மாற்றிக்கொள்ளும் நட்பு. நம் பிள்ளைகள் இவ்வளவு வழிகளுக்கு நடுவே இருந்தும், எதையும் தாமே தேர்ந்ததாக உணராமல் சோர்ந்திருப்பதைப் பெற்றோர் காண்கின்றனர். வழிகளின் எண்ணிக்கை வேறு; வழியில் நடப்பவனின் பொறுப்பு வேறு.

இன்னொரு வேறுபாடும் உண்டு. பலவழிப் பொறியில் தவறிய யூகம் தடமின்றி மறைகிறது. நாம் ஒரே ஒரு வழியில் மட்டுமே நடக்கிறோம். நடந்த வழி நம்மில் வடுவாக நிற்கிறது. மகேந்திரவர்மனின் சிற்பி தவறாக ஓர் அடி அடித்திருந்தால் தெறித்த கல்லை ஒட்டவைக்கச் சுண்ணச்சாந்தும் இல்லை.

அப்படியானால் சுதந்திரம் எங்கே? புனித தோமா அக்குவினார் நற்பழக்கம், தீப்பழக்கம் பற்றிக் கூறியதில் ஒரு திறவுகோல் உண்டு. செபமாலையை ஆயிரம் முறை உருட்டினாலும் மணிகளின் வரிசை மாறுவதில்லை. பொறி எத்தனை கோடி எழுத்துகளைப் படித்தாலும் அதன் அட்டவணை அப்படியே இருக்கும். மனிதனோ தன் ஒவ்வொரு செயலாலும் தன் அட்டவணையையே திருத்துகிறான். இன்று பொய் சொன்னவனுக்கு நாளைய பொய் எளிதாகிறது. இன்று கோபத்தை அடக்கியவனுக்கு நாளைய அடக்கம் சற்றே எளிதாகிறது. அறநெறி வாழ்வு என்பது எழுத்துகளுக்கு விடையளிப்பதில் மட்டும் இல்லை. விடையளிக்கும் இதயம் உருமாறுவதிலும் இருக்கிறது. அதே எசேக்கியேல் 36-ஆம் அதிகாரத்தில் கல்லான இதயம் நீக்கப்பட்டுத் தசையாலான இதயம் அருளப்படும் என்று பேசும்போது அட்டவணையின் மாற்றத்தையே குறிக்கிறார்.

இளைஞர் கூர்மையானவர். உடனே மறுத்தார். அட்டவணை மாறும் என்றால், மாறக்கூடிய அட்டவணைகள் எல்லாவற்றையும் சேர்த்து இன்னும் பெரிய அட்டவணை ஒன்றை எழுதிவிடலாமே. பல்லாங்குழிப் பலகையைப் பெரிதாக்கியது போல! இது நேர்மையான எதிர்வாதம். ஒரு மனிதன் வாழ்ந்து முடித்த பின்னர் அவன் செய்த அனைத்துக்கும் பொருந்தும்படி ஓர் அட்டவணை வரைய யாராலும் முடியும். ஆனால் வாழ்ந்த பின் வரைந்தது பதிவேடு; கட்டளை அன்று. திருமணப் பதிவேட்டில் பெயர் இருப்பதால் அவ்விருவரும் மணந்துகொள்ளவில்லை. மணந்துகொண்டதால் பெயர் இருக்கிறது. சாவை எதிர்நோக்கிச் சிறையில் இருந்த போயத்தியுஸ் சுமார் 524-ஆம் ஆண்டில் எழுதிய நூலில் கடவுளின் முன்னறிவைப் பற்றி இத்தகைய தெளிவையே தந்தார். என்றுமுள நிகழ்காலத்தில் கடவுள் அனைத்தையும் காண்கிறார்; நான் நடப்பதை நீங்கள் காண்பதால் நான் நடக்குமாறு கட்டாயப்படுத்தப்படுவதில்லை.

அருளும் சுதந்திரமும் எவ்வாறு இணைகின்றன என்பதைத் திருச்சபை ஓர் அட்டவணையாக எழுதித் தரவில்லை. கடவுளின் அருள் முந்திக்கொண்டு நம்மைத் தூண்டுகிறது, ஆயினும் மனிதன் அதற்கு இசையவும் மறுக்கவும் இயலும் என்று திரெந்து பொதுச்சங்கம் 1547-இல் கற்பித்தது. அது ‘எவ்வாறு’ என்பதில் இயேசு சபை மொலினாவின் வழிவந்தோரும் தொமினிக்கன் சபை பாஞேஸின் வழிவந்தோரும் உரோமையில் ஆண்டுக்கணக்கில் வாதிட்டனர். இறுதியில் 1607-இல் திருத்தந்தை ஐந்தாம் பவுல் எப்பக்கமும் தீர்ப்பளிக்காமல், ஒருவரையொருவர் தப்பறையாளர் என்று பழிக்கலாகாது என்று கூறி அனுப்பிவிட்டார். குருமடத்தில் இதனைப் படிக்கும்போது சிலர் நகைப்பதுண்டு. திருச்சபை எடுத்த அறிவார்ந்த முடிவுகளுள் ஒன்று இது என்பது என் கருத்து.

ஆனால் குடும்பமும் பழக்கமும் ஒன்றுமே இல்லை என்று நாம் கூறவில்லை. அறியாமை, அச்சம், பழக்கம், உளவியல் அல்லது சமூகக் காரணங்கள் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கவும், சில வேளைகளில் நீக்கவும்கூடும் என்று 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி தன் 1735-ஆம் எண்ணில் கூறுகிறது. குடிநோயாளியைப் பலிபீடத்திலிருந்து ஏசும் குருக்கள் அவ்வெண்ணை அவ்வப்போது எடுத்துப் படிக்கலாம். பொறுப்பு குறைவது வேறு, மனிதன் பொறியாவது வேறு. முன்னது இரக்கத்துக்கு இடமளிக்கிறது. பின்னது இரக்கத்தையே பொருளற்றதாக்குகிறது. பொறியிடம் யார் இரங்குவார்?

இனி ‘ஏற்பு நிலை’. அருள்நிலை, பாவநிலை என்று நாமும் நிலைகளைப் பற்றியே பேசுகிறோம். கடந்ததன் நீளம் அன்று, இறுதியில் நிற்கும் நிலையே முடிவு செய்கிறது என்பதில் பொறியும் எசேக்கியேலும் ஒத்துப்போகின்றனர். தீயவன் மனந்திரும்பினால் அவனுடைய பழைய குற்றங்கள் நினைக்கப்படா. நேர்மையாளன் நெறிதவறினால் அவனுடைய பழைய நன்மையும் நினைக்கப்படாது. சிலுவையில் தொங்கிய நல்ல கள்வனுக்கு இறுதி எழுத்து ஒன்றே வாய்த்தது, அது போதுமானதாயிற்று. ஆனால் பொறிக்கு ஏற்பும் தள்ளலுமாக இரண்டே உண்டு. மன்னிக்கப்பட்ட பின்னும் வழியில் பட்ட வடுக்கள் தூய்மை பெறவேண்டும் என்பதால் உத்தரிக்கிற தலத்தைப் பற்றித் திருச்சபை பேசுகிறது. எந்த வாயிற்காவலரின் அட்டவணையிலும் இல்லாத கதவு அது.

இதைக் கேட்டவுடன், ‘அப்படியானால் கடைசியில் மனந்திரும்பிக்கொள்ளலாம்’ என்பார் உண்டு. அவர்கள் பாதயாத்திரை வாயிலில் நின்ற அந்தப் பலவழிக் காவலரைப் போன்றவர்கள். ‘முடிவுக்கு இன்னும் பத்துப் பேர் இருக்கின்றனர்’ என்று யூகித்து எண்ணத் தொடங்குகின்றனர். அவருக்கோ எத்தனை யூகங்கள் தவறினாலும் ஒன்று பலித்தால் போதும். இவர்களுக்கு இருப்பது ஒரே யூகம். கூட்டம் எப்போது முடியும் என்பது வாயிலில் நிற்கும் எவருக்கும் தெரியாது.

அவ்விளைஞர் இப்போது குடிநோயாளிகள் தாமே நடத்தும் வாராந்தரக் கூட்டமொன்றுக்குப் போய்வருகிறார். 1935-இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் தொடங்கி உலகெங்கும் பரவிய அமைப்பு அது. ‘இனி வாழ்நாள் முழுதும் குடிக்கமாட்டேன்’ என்னும் சூளுரையை அங்கு எவரும் கேட்பதில்லை. இன்று ஒரு நாள் குடிக்காமல் இருப்பதே கணக்கு. இருபது ஆண்டுகள் மதுவைத் தொடாதவரும் எழுந்து நின்று, தாம் ஒரு குடிநோயாளி என்றே தம்மை அறிமுகம் செய்துகொள்கிறார். பழைய அட்டவணை அழிந்துவிட்டது என்று அவர்கள் சொல்வதில்லை. அதன்மேல் ஒவ்வொரு நாளும் ஒரு வரி எழுதுகின்றனர். “சாமி, இதையும் ஒரு பொறியா வரைஞ்சு காட்டட்டுமா?” என்று சென்ற வாரம் கேட்டார். வரைந்து கொண்டுவரும்படி சொல்லியிருக்கிறேன்.